மேல் வரிசை

ஜெலுத்தோங் ஃப்ளாட்டில் லிஃப்ட் மறுபடி படுத்துவிட்டது.
பதினொரு கிலோ யூபிஎஸ்ஸை
ஒன்பது மாடி தோளில் ஏற்றி
வாசலில் இறக்கி மூச்சு வாங்குகையில்
விமலேஸ்வரி அக்கா கேட்டார்:
"இதுல என்னென்ன மாட்டலாம்?"

எல்லாரும் கேட்பதுதான்.
ஆயர் ஈத்தாமில் ஒருவர் ரைஸ் குக்கரை மாட்டியிருந்தார்.
ஒரு கிளினிக்கில் லேசர் பிரிண்டர்;
முதல் தாளை இழுக்கும்போதே
யூபிஎஸ் அலறிச் செத்தது.
சுடுகிற எதுவும் வேண்டாம் அக்கா,
கெட்டில், இஸ்திரிப்பெட்டி,
எக்ஸ்டென்ஷன் போட்டு இன்னொரு எக்ஸ்டென்ஷன்
வேண்டவே வேண்டாம்
என்றபடி அதைத் திருப்பிக் காட்டினேன்.

பின்னால் ஆறு சாக்கெட்.
பார்க்க ஒரே வயிற்றுப் பிள்ளைகள்.
மேல் வரிசை மூன்றுக்குத்தான் பேட்டரி.
கீழே உள்ளவற்றுக்கு
இடி இறங்கினால் காவல், அவ்வளவே.
கரண்ட் போனால் அவையும் போகும்.

ஹாலில் சுகுமாறன் அண்ணன்.
பட்டர்வொர்த் துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர்.
இப்போது மூக்கில் குழாய்,
குழாயின் அடுத்த முனையில்
காற்றைச் சலித்து ஆக்சிஜன் தரும் இயந்திரம்:
முந்நூறு வாட்.
அவருக்கு எதிரே தொட்டியில்
உள்ளங்கை அகலத்தில் ஓர் ஆஸ்கார் மீன்.
குமிழி பம்பும் வடிகட்டியும் சேர்த்து
இருபத்திரண்டு வாட்.
பகல் முழுக்க இருவரும்
ஒருவர் வாயை ஒருவர் பார்த்தபடி.

இயந்திரம் மேலே.
வைஃபை மேலே.
மீன் கீழே.
லேபிள் எழுதி ஒட்டினேன்.
ராத்திரி முழுக்கச் சார்ஜ் ஏறட்டும், நாளைக்கு வர்றேன்.

மறுநாள் மெயின் சுவிட்சை இறக்கினேன்.
ஃபிரிட்ஜின் முனகல் அறுந்தது.
விசிறி மனமில்லாமல் நாலு சுற்றுச் சுற்றியது.
தொட்டியில் கடைசிக் குமிழி ஏறி உடைந்தது.
பக்கத்து வீட்டு ஹொக்கியன் நாடகத்தில்
யாரோ யாரையோ மன்னிக்க மறுத்துக்கொண்டிருந்தார்கள்.
யூபிஎஸ் பீப் என்றது.
இயந்திரம் ஒரு மூச்சும் தவறவில்லை.
திரையில் 28.

"இருபத்தெட்டு நிமிஷம் அண்ணே."

மூலையில் சிலிண்டர் நின்றது,
கழுத்தில் கயிறு கட்டிய ஸ்பேனரோடு.
அதை உருட்டி வந்து திறக்க, குழாயை மாற்ற
அக்காவுக்கு நாலு நிமிடம்.
போன் கடிகாரம் வைத்துப் பழகியிருக்கிறார்.

"அப்ப மிச்சம் இருபத்து நாலு யாருக்கு?"
என்றார் அண்ணன்.

"உங்களுக்குத்தான். வேற யாருக்கு?"

அவர் தொட்டியைப் பார்த்தார்.
மீன் மேலே வந்து
தண்ணீரின் தோலை வாயால் தொட்டது.

"மீன் ரெண்டு மணி நேரம்கூடத் தாங்கும் அண்ணே."

"நீ கேட்டியா அத?"

அக்கா எழுந்துபோய்
மெயின் சுவிட்சைத் தானே ஏற்றினார்,
கொஞ்சம் பலமாகவே.

ஆறு மாதம் கழித்துச் சர்வீசுக்குப் போனேன்.
லிஃப்ட் ஓடியது.
அலமாரிக்குப் பின்னால், சுவரோரம்,
முட்டி போட்டு, கன்னம் தரையில் பட,
டார்ச் அடித்துப் பார்த்தேன்.

மேல் வரிசை மூன்றாவது சாக்கெட்டில்
மீனின் பிளக்.
"மீன்" என்று நான் எழுதிய லேபிளையும்
உரித்துக் கொண்டுவந்து மேலே ஒட்டியிருந்தது.
பசை போன ஓரத்தில்
மூக்குக் குழாயைக் கன்னத்தோடு பிடிக்கும்
அதே வெள்ளைப் பிளாஸ்திரி.

அண்ணனின் குழாய்
இந்த மூலை வரை எட்டாது.

"எல்லாம் சரியாத்தான இருக்கு?"
சமையலறையிலிருந்து அக்கா.
மைலோ கலக்கும் கரண்டி ஒரு நொடி நின்றது.

"சரியா இருக்குக்கா."

28ஐ அடித்து 26 என்று எழுதினேன்.
சர்வீஸ் தாளில்
இணைப்புகளில் மாற்றம்: இல்லை.
கரண்டி மறுபடி சுற்றத் தொடங்கியது.